காய்ச்சலென்றால் யாரிடம் போவாய்?

அன்புள்ள தங்கச்சிக்கு,

பசறைப் பக்கம் உளவளத்துணை வேலைக்குப் போகப்போகிறாய் என்ற செய்தியும் உன் நீண்ட கடிதமும் ஒன்றாகக் கிடைத்தன. சந்தோஷம். லயத்தில் பிறந்து, தோட்டத்துப் பேச்சு தெரிந்த ஒருத்தி அந்தக் கதிரையில் உட்காருவது நம் சனத்துக்குச் சின்ன விஷயமில்லை.

கடிதத்தில் ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறாய். பயிற்சியில் பிணைப்புக் கோட்பாடு படிப்பித்தார்கள். பாதுகாப்பான பிணைப்பு, பதற்றப் பிணைப்பு, விலகல் பிணைப்பு, குலைந்த பிணைப்பு என்று நான்கு கட்டம் போட்ட தாள் ஒன்றும் தந்தார்கள். வருகிற ஆளை எந்தக் கட்டத்தில் போடுவது, போட்ட பிறகு என்ன செய்வது? இதுதானே உன் கேள்வி?

அந்தத் தாளை லாச்சிக்குள் வைத்துப் பூட்டு. கோட்பாட்டைப் பூட்டச் சொல்லவில்லை, அது உனக்கு நிறையவே உதவும். ஆனால் அதைக் கேள்வி கேட்கப் பயன்படுத்து, பெயர் சூட்டப் பயன்படுத்தாதே. ஊவாத் தோட்டங்களில் இந்த வேற்றுமை தெரியாமல் வேலை செய்தால், பாவப்பட்ட தாய்மார் மேல் பழி போடுவதில்தான் போய் முடியும். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தக் கோட்பாட்டைத் தந்த ஜோன் போல்பியே ஆயா வளர்த்த பிள்ளைதான். 1907இல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். அந்த வர்க்கத்து வழக்கப்படி பெற்ற தாயை நாளைக்கு ஒரு மணித்தியாலம் போலத்தான் பார்ப்பார். தூக்கி வளர்த்த ஆயா, அவருக்கு நான்கு வயதாகும் முன்பே விட்டுப் போய்விட்டார். பிறகு மனநல வைத்தியராகி, உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் போருக்குப் பின் வீடிழந்து நின்ற பிள்ளைகளைப் பற்றி அறிக்கை எழுதினார். 1969, 1973, 1980 ஆகிய ஆண்டுகளில் பிணைப்பு, பிரிவு, இழப்பு என்று மூன்று தொகுதிகள் வந்தன. சாரம் இதுதான்: பயந்தால், நொந்தால், களைத்தால் ஓடிப்போக ஓர் ஆள் பிள்ளைக்கு வேண்டும். அந்த ஆள் நடந்துகொண்ட விதத்திலிருந்து, ‘நான் கூப்பிட்டால் யாராவது வருவார்களா’ என்பதற்குப் பிள்ளை தன் மனதில் ஒரு விடை வைத்துக்கொள்கிறது. வளர்ந்த பிறகும் புருஷனோடு, பெண்சாதியோடு, மேலதிகாரியோடு, உன்னோடும் அந்த விடையை நம்பித்தான் பழகும்.

1951 அறிக்கையை வைத்துக்கொண்டு மேல்நாடுகளில் பலர் வேலைக்குப் போகும் தாய்மாரைக் குறை சொன்னார்கள். அந்தப் பேச்சை இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். பேறுகால லீவு பன்னிரண்டு வாரம். அது முடிந்ததும் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறாத தாய் எந்தத் தோட்டத்தில் இருந்தாள்? அன்று கூரைக் கம்பில் வரிசையாகச் சேலைத் தொட்டில் தொங்கும். ஆயம்மா ஒரு தொட்டிலைக் கையால் ஆட்டிக்கொண்டே இன்னொன்றைக் காலால் ஆட்டுவார். இன்று அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப்பலகை போட்டு, பயிற்சி பெற்ற உத்தியோகத்தரையும் வைத்திருக்கிறார்கள். பெயர் எதுவானாலும், நம் ஆட்களில் பெரும்பாலானோர் பல கைகளில் வளர்ந்தவர்கள்.

பல கைகளில் வளர்ந்தால் பிணைப்பு கெட்டுவிடுமா? கெட வேண்டியதில்லை. மேரி எயின்ஸ்வேர்த் 1954–55இல் உகண்டாவில் 26 குடும்பங்களின் குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். அங்கே அக்காமார், பாட்டிமார், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் பிள்ளையைத் தூக்கினார்கள். பிள்ளைகளும் தாயோடு மட்டுமல்லாமல் மற்றவர்களோடும் ஒட்டிக்கொண்டார்கள். தாயைக் ‘காவல் தளமாக’ வைத்துக்கொண்டு பிள்ளை தவழ்ந்துபோய் விளையாடித் திரும்புவதை அவர் முதலில் கவனித்ததும் அந்தக் குடிசைகளில்தான். அமெரிக்காவில் ஆய்வுகூட அறையில் அவர் தாயையும் பிள்ளையையும் பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னொரு ஆய்வு நம் பிள்ளைக்காம்பராவுக்கு இன்னும் கிட்ட வரும். இஸ்ரேலின் கிப்புட்ஸ் கூட்டுக் குடியிருப்புகளில் குழந்தைகளைப் பகலில் ஒரு நிலையத்தில் ஒன்றாக வைத்துப் பராமரித்தார்கள். சில கிப்புட்ஸ்களில் பிள்ளைகள் இரவில் வீட்டுக்குத் திரும்பினார்கள். சிலவற்றில் இரவிலும் பிள்ளைகள் விடுதியிலேயே தூங்கினார்கள். அவி சாகியும் கூட்டாளிகளும் 1994இல் வெளியிட்ட கணக்குப்படி, வீட்டில் தூங்கிய குழந்தைகளில் 80 சதவீதம் பேர் தாயோடு பாதுகாப்பான பிணைப்பில் இருந்தார்கள்; விடுதியில் தூங்கியவர்களில் 48 சதவீதம் பேர்தான் அப்படி இருந்தார்கள். பகல் பராமரிப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசத்தை உண்டாக்கியது இரவு. ஆகவே, ‘சின்ன வயசுல உங்கள யாரு பாத்துக்கிட்டாங்க’ என்று கேட்டதோடு நிற்காதே. ‘ராத்திரி பயந்து முழிச்சா யாரு பக்கத்துல படுத்திருந்தாங்க’ என்றும் கேள். பகல் கதைக்குத் தயாராக ஒரு பதில் எல்லாரிடமும் இருக்கும். இரவுக் கதைக்கு அவர்கள் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்து, பிரிவு. நம் ஆட்களின் வாழ்க்கையில் பிரிவு பெரும்பாலும் ஒரு தாயின் குணத்தால் வந்ததல்ல, கடதாசியால் வந்தது. 1948இல் மலையகத் தமிழரான நம் சனத்தின் பிரஜாவுரிமை போனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இங்கே ஏற்கவும் கணக்குப் போட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று வந்தது. தலைமன்னார்த் துறைக்குப் போன ரயிலுக்கு நம் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தது. அன்று மேடையில் நின்று பாட்டிக்குக் கை காட்டிய பிள்ளைகள் இன்று அறுபது தாண்டியவர்கள். ‘நித்திரை வரல்ல, நெஞ்சு அடைக்கிது’ என்று உன்னிடம் வருகிறவர்களில் அவர்களும் இருப்பார்கள்.

அவர்களுக்கு அடுத்த தலைமுறையில் தாய் சவூதிக்கும் குவைத்துக்கும் போனாள். வேறு சில வீடுகளில் பிள்ளைகள் பத்து வயதிலேயே கொழும்பில் கடைக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகக்கூடாது என்று 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை முறையைக் கொண்டுவந்தார்கள். பிறகு அதைத் தளர்த்தினார்கள். பிள்ளையின் நன்மைக்கென்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் வெளிநாடு போகும் தகப்பனிடம் அந்த அறிக்கையை யாரும் கேட்கவில்லை. பிணைப்பு என்றாலே தாய், தாய் என்றாலே பொறுப்பு என்ற எண்ணம் சட்டத்துக்குள்ளேயே அப்படி நுழைந்துவிடுகிறது. உன் அறைக்குள்ளும் அது நுழையப் பார்க்கும். விடாதே.

இனி, வேலைக்கு வருவோம். கலிபோர்னியாவில் மேரி மெயின், கரோல் ஜோர்ஜ், நான்சி கப்லன் மூவரும் 1980களில் பெரியவர்களுக்கென்று ஒரு நேர்காணல் முறையை உண்டாக்கினார்கள். சின்ன வயதில் தாயோடு இருந்த உறவைச் சொல்ல ஐந்து சொல் கேட்பார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சம்பவம் கேட்பார்கள். என்ன நடந்தது என்பதைவிட அதை எப்படிச் சொல்கிறார் என்பதற்கே மதிப்பெண். ‘அன்பானவள்’ என்று சொல்லிவிட்டு அதற்கு ஒரு சம்பவமும் வராவிட்டால், உறவை மனதிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார் என்று எடுப்பார்கள். கதைக்குள் அகப்பட்டு வெளியே வர முடியாமல் இழுபட்டால் அது வேறு வகை.

நல்ல கருவிதான். ஆனால் நம்மிடையே இரண்டு இடத்தில் வழுக்கும். முதலாவது, தமிழில் எவரைக் கேட்டாலும் ‘அம்மா தெய்வம்’ என்றுதான் ஆரம்பிப்பார். அது மரியாதை. அதை வைத்து, தாயை வீணே உயர்த்திப் பேசுகிறார் என்று முடிவு கட்டாதே. சொல்லைக் கேட்காமல் நேரே சம்பவத்துக்குப் போ. ‘காய்ச்சலென்றால் யாரிடம் போவாய்’ என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. விழுந்து முழங்காலில் அடிபட்டால், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடித்தால், லயத்தில் குடித்துவிட்டுச் சண்டை நடந்தால் எங்கே ஓடினாய் என்று தொடரலாம். அம்மாவைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமலே முழுக் கதையும் வந்துவிடும். நம் ஆட்கள் தாயைக் குறை சொன்ன நாளில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட மாட்டார்கள். அப்படியொரு நாளை நீ உண்டாக்க வேண்டாம்.

இரண்டாவது, இறந்தவர்களைப் பற்றிய பேச்சு. செத்தவர் இன்னும் உயிரோடிருப்பதுபோலப் பேசினால், ஆறாத இழப்பின் அடையாளம் என்று அந்த முறையில் குறிப்பார்கள். திருவிழாவில் சாமி வந்து அப்பா பேசினார் என்று சொல்கிற ஊரில், படையல் போட்டு ‘ஆத்தா சாப்பிட்டுட்டுப் போகட்டும்’ என்று கதவைச் சாத்தி வைக்கிற ஊரில், இதை நோயென்று எழுதினால் ஊரையே நோயாளியாக்க வேண்டிவரும். நீ கவனிக்க வேண்டியது வேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் எத்தனையோ இடத்தில் அதே கொடுமை. அப்படியொரு நாளைப் பற்றிச் சொல்லும்போது ‘மண் வந்துச்சி’ என்று தொடங்கியவர், தானறியாமல் ‘மண் வருது, புள்ள கூப்பிடுது’ என்று மாறினால், பேச்சு பாதியில் அறுந்து கண் ஓரிடத்தில் குத்திட்டு நின்றால், அங்கே நிறுத்து. இன்று என்ன கிழமை, என்ன பஸ்ஸில் வந்தார் என்று கேட்டு அறைக்குள் கூட்டிக்கொண்டு வா. மிச்சக் கதை காத்திருக்கும். ஆனால் மழை பிடித்தால் இரவில் படுக்க முடியவில்லை என்று சரிவில் குடியிருக்கிறவர் சொன்னால், அதை எந்தப் பிணைப்போடும் சேர்க்காதே. அவர் பயப்படுவது சரி.

இரண்டு பேரைக் காட்டுகிறேன். பலருடைய கதைகளைச் சேர்த்து உருவாக்கிய ஆட்கள் இவர்கள், யாரையும் தேடாதே.

முதலாமவர் கொழுந்தெடுக்கும் பெண், நாற்பதை நெருங்குகிறவர். கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்யும் புருஷன் ஒரு தடவை போனை எடுக்காவிட்டால், எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருப்பார். எடுத்ததும் சண்டை. பயிற்சித் தாளில் இவருக்குக் கட்டம் தயாராக இருக்கிறது. அதைச் சொல்லி இவருக்கு என்ன கிடைக்கும்? ‘அம்மா வெளிநாடு போனத உங்களுக்கு யாரு சொன்னது?’ என்று கேட்டால் கதை திறக்கும். யாரும் சொல்லவில்லை. அப்போது இவருக்கு ஐந்து வயது. ‘நா தூங்கிக்கிட்டு இருக்கக்குள்ள போயிட்டாங்க. அழுவேன்னு எழுப்பலயாம்.’ இன்றைக்கும் வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகுதான் இவர் படுக்கிறார். தான் தூங்கினால் ஆள் போய்விடும் என்று உடம்பு கற்று வைத்திருக்கிறது. போனைத் திரும்பத் திரும்ப அடிக்கும் கையும் அந்த ஐந்து வயதுப் பிள்ளையின் கைதான் என்று அவரே கண்டுபிடிக்கும்வரை நீ பொறுத்திரு. இதற்கிடையில் புருஷனையும் ஒரு நாள் வரச்சொல்லி, இரவில் இத்தனை மணிக்கு நானே எடுப்பேன் என்று ஒரு நேரம் பேசி வைக்கலாம். சின்ன ஏற்பாடு, ஆனால் அந்த நேரம் நாலு கிழமை தவறாமல் நடந்தால் மருந்தைவிட அதிகமாக வேலை செய்யும்.

இன்னொருவர் ஐம்பது வயது லொறி சாரதி. பெண்சாதி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கதவுக்குப் பக்கத்துக் கதிரையைப் பார்த்து உட்காருவார். எதைக் கேட்டாலும் ‘ஒன்னுமில்லங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்கு.’ பத்து வயதில் கொழும்பில் ஒரு கடையில் விடப்பட்டவர். அங்கே அழுதால் யாரும் வரமாட்டார்கள், அடிதான் வரும். அழாமலிருக்கப் பழகியதால்தான் அவர் உயிரோடு மிஞ்சினார். அந்தப் பழக்கத்தை நோயென்று நினைத்து உடைக்கப் போகாதே, முதலில் மரியாதை கொடு. லொறியைப் பற்றி, முதுகு நோவைப் பற்றிப் பேசு. கண்ணீர் வரவில்லையே என்று அவசரப்படாதே. எப்போதாவது ஒரு நாள், காய்ச்சலில் சாக்கு மேல் படுத்திருந்தபோது அடுத்த கடையில் வேலை செய்த ஓர் அக்கா சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்ததைச் சொல்வார். சொல்லிவிட்டு, ‘அது சும்மா’ என்பார். அது சும்மா இல்லை என்று நீ சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையின் மனதில் ‘கூப்பிட்டால் ஆள் வரும்’ என்ற நம்பிக்கையை அந்த ஒரு கோப்பை உயிரோடு வைத்திருக்கிறது. அவரோடு வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.

இப்போதெல்லாம் இளசுகள் பெயரோடேயே வருகிறார்கள். ‘மிஸ், நான் அவாய்டன்ட் டைப். டிக்டொக்ல பாத்தேன்.’ சிரிக்காதே. தன்னைப் புரிந்துகொள்ள அந்தப் பிள்ளை எடுத்த முயற்சி அது. ஆனால் சிறு வயதுப் பிணைப்பு தலையெழுத்து அல்ல என்பதை எடுத்துச் சொல். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1970களிலிருந்து பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். தொடர்ச்சி உண்டு, ஆனால் பலர் வழியில் மாறினார்கள். கெட்ட ஆரம்பத்திலிருந்து வந்தும் தன் கதையைத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்களை, உழைத்துப் பாதுகாப்பைச் சம்பாதித்தவர்கள் என்று ஆய்வாளர்கள் தனியாகவே குறித்தார்கள். பெரியவர்களிடம் சிகிச்சையால் இது மாறுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். கென்னத் லெவியும் கூட்டாளிகளும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒரு வருடம் மூன்று வகைச் சிகிச்சைகள் கொடுத்தார்கள். சிகிச்சையாளரோடு ஏற்படும் உறவையே எடுத்துப் பேசுகிற வகையில் மட்டும் பாதுகாப்பான பிணைப்புக்கு மாறியவர்கள் கூடினார்கள்.

அதாவது, நீயும் கருவிதான். போல்பி 1988இல், தன் எண்பதாவது வயது தாண்டி எழுதிய புத்தகத்தில், சிகிச்சையாளரின் முதல் கடமை வந்தவர் நின்று பார்க்க ஒரு காவல் தளமாக இருப்பது என்றார். இப்போதைய உறவுகளைப் பார்ப்பது, நம்மிருவருக்குமிடையே நடப்பதைப் பார்ப்பது, பழையதோடு பொருத்துவது, பழைய விடை இன்றைக்கும் சரியா என்று சோதிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. நம் இடத்தில் காவல் தளம் என்றால் என்ன? சொன்ன கிழமை, சொன்ன நேரம், அதே அறை. லயத்துக்குப் போய்ப் பேசாதே; ஒரு காம்பராவில் பேசினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும், அதற்கடுத்த நாள் காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் கதையாகும். கிளினிக் அறை இல்லாவிட்டால் கோயில் மண்டபமோ பள்ளிக்கூடமோ கேட்டுப் பார். வராதவரை உடனே ‘எதிர்ப்பு’ என்று எழுதாதே; கொழுந்துக் காலத்தில் உன்னிடம் வந்தால் அவருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும்; அதற்கு வீட்டு அடுப்புக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே நேரத்தைச் சொல். அடுத்த திகதியை எழுதிக் கையில் கொடு. தாய் சொல்லாமல் போன பிள்ளைகளுக்கு எழுதிய திகதி பெரிய விஷயம்.

எல்லாவற்றிலும் முக்கியம், இடமாற்றம். அரசாங்க வேலையில் அது எப்படியும் வரும். கடிதம் கையில் கிடைத்த அன்றே ஒவ்வொருவரிடமும் சொல்லத் தொடங்கு. கோபப்படுவார்கள், சிலர் வருவதை நிறுத்துவார்கள், சிலர் ‘போயிட்டு வாங்க’ என்று சிரிப்பார்கள். அந்தக் கோபத்தையும் சிரிப்பையும் உட்கார்ந்து கேள். தன்னை விட்டுப் போகிறவர் முன்கூட்டியே சொல்லி, காரணம் சொல்லி, கோபத்தையும் வாங்கிக்கொண்டு போவது அவர்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். அதுவே ஒரு சிகிச்சை. வருத்தப்படுவார்களே என்று கடைசி நாள்வரை மறைத்தால், தூங்கும்போது போன தாயின் வேலையை நீ செய்கிறாய்.

கடைசியாக, எல்லை. புருஷன் அடிக்கிறான் என்றால் அவளுடைய நடுக்கம் பதற்றப் பிணைப்பு அல்ல, ஆபத்து. முதலில் பாதுகாப்பைப் பார். மருந்து குடித்துச் சாகும் எண்ணம் இருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் நேராகவே கேள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. இருந்தால் தாமதிக்காமல் பதுளைப் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போ. தேசிய மனநல நிறுவனத்தின் 1926, பெண்களுக்கு 1938, சிறுவருக்கு 1929 ஆகிய மூன்று இலக்கங்களையும் சுவரில் தமிழில் எழுதி ஒட்டு. நீயும் மாதம் ஒருமுறையாவது மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து உன் வேலையைப் பேசு. லயத்துக் கதைகள் உன் கதைகளும்தான். சிலரைத் தூக்கிக்கொண்டு ஓட மனம் வரும், சிலரைப் பார்த்தாலே எழும்பிப் போக மனம் வரும். இரண்டையும் தனியாகச் சுமக்காதே.

நம் சனத்தைக் கணக்கில் எடுத்தவர்கள் எல்லாரும் இவ்வளவு காலம் பட்டியலில்தான் போட்டார்கள். தலைக்கணக்கு, பேர்க்கணக்கு, நிறைக்கணக்கு, கப்பல் கணக்கு. நீ இன்னொரு பட்டியல் போடாதே. எதிரே உட்காருகிறவரிடம் காய்ச்சலில் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேள், பதில் வரும்வரை பொறு, அடுத்த கிழமையும் அதே நேரத்துக்கு அதே கதவைத் திறந்து வை. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆனதும் எழுது.

அன்புடன்,
உன் அக்கா,
பதுளை